ஏழு புரி

லைசென்ஸ் என் பேருக்கே வந்தது.
இருளாயி, வயது நாற்பத்து மூன்று,
பயிர்ப் பாதுகாப்பு,
வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி ஒன்று.
ஒன்று என்பதை அடிக்கோடிட்டிருந்தார்கள்,
நான் ரெண்டு கேட்டுவிடுவேன் என்பதுபோல.

முண்டு மிளகாய் விற்ற பணம் முந்தியில் முடிந்து
வாலிநோக்கத்திலிருந்து ஏழேகால் பஸ்.
ராம்நாட்டில் இறங்கியும்
உப்பளத்து வெள்ளை கண்ணுக்குள் கூசியது.

ஹமீது நெய்னா கடையில்
கண்ணாடிக்கு அப்பால் மூன்று நின்றன.
"வீட்டுக்காரர் வரலையா?"
"அவர் கொச்சியில போட்டுல இருக்கார்.
பன்றி என் காட்டுல இருக்கு."

முதலாவது நெட்டை.
பித்தளைப் பூண், கட்டையில் மயில் செதுக்கல்,
கல்யாண வாசலில் நிறுத்தலாம்.
தோளில் வைத்தேன், மூக்கு தரையைப் பார்த்தது.

இரண்டாவது விலை குறைவு.
சுத்தியலை இழுத்தால் பாதியில் நிற்க வேண்டும்.
நிற்கவில்லை. விரலை விட்டதும் விழுந்தது.
"எண்ணெய் போட்டாச் சரியாயிரும்மா."
எண்ணெய் போட்டால் சரியாகும் என்று
இதற்கு முன் என் தலையில் கட்டியவை:
ஒரு பம்புசெட்,
அதை ஓட்ட வந்த கொழுந்தன்.

மூன்றாவது குட்டை. அழகு கிடையாது.
முன்பு வைத்திருந்த யாருடைய கன்னமோ
கட்டையில் ஒரு இடத்தை வழுவழுப்பாக்கியிருந்தது.
நெய்னா பின்திருகைக் கழற்றி
குழலை ஜன்னலுக்கு நீட்டினார்.
"அந்த ரெண்டும் வழுக்கைக் குழல்.
இதுதான் ரைபிள். உள்ளே புரி பாருங்க."

கண் வைத்தேன்.
ஏழு கோடு, சுற்றிச் சுற்றி,
மறுமுனையில் நாலணா அளவு வானம்.

புரி எனக்குத் தெரியும்.
நங்கூரக் கயிற்றின் புரியை
இருட்டில் விரலால் எண்ணும் வீட்டில் பிறந்தவள்.
கயிறு தன் முறுக்கை வெளியே காட்டும்.
இது உள்ளே முறுக்கிக்கொண்டு
வெளியே சும்மா இருக்கிறது.
அந்த முறுக்கில் சுழன்றால்தான்
ஈயக் குண்டு நேரே போகுமாம்.
சுற்றிப் போனால்தான் நேரே போகும்:
தாலுகா ஆபீசுக்குப் பதினெட்டு மாதம் நடந்தவளுக்கு
இதை விளக்கவா வேண்டும்.

"ஒரு தடவைதான் சுடும்மா.
மருந்து கொட்டி, துணியில குண்டு வச்சு,
இடிகோலால இறக்கி, கேப் மாட்டுறதுக்குள்ள
பன்றி பெரியபட்டினம் போயிரும்."
"போகட்டும்.
அங்கே என் கடலை இல்லை."

கடைசியில் குரலைத் தணித்தார்,
மருந்துக்கடையில் சில சாமான்களுக்குத் தணிப்பதுபோல:
கடல் காற்றுக்குக் கேப் நமுத்துப்போகும்,
ஓரத்தில் ஒரு சொட்டு நகப்பாலிஷ்.
மகளுடையது ரோஸ் நிறம்.
பரவாயில்லை, பன்றிக்கு இருட்டில் தெரியாது.

கோணியில் சுற்றி வந்தேன்.
கண்டக்டர் தட்டிப் பார்த்தார், "என்னது?"
"கம்பி."
பதினைந்து ரூபாய் லக்கேஜ்.

வெள்ளிக்கிழமை வாங்கினேன்.
ஞாயிற்றுக்கிழமை தேர்தல் அறிவித்தார்கள்.
லைசென்ஸ் துப்பாக்கி எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்கணும்.
ஒரு குண்டைக்கூடப் பார்க்காத குழலில்
ஏட்டையா நூல் போட்டுச் சீட்டுக் கட்டினார்.

பன்றிக்கு ஓட்டில்லை.
தேதி பார்க்காமல் வந்தது.

எண்ணெய் துடைக்க உருவிய இடிகோல் மட்டும்
கதவு மூலையில் நின்றுபோயிருந்தது.
அமாவாசை. தெற்கே அலை.
நடுவில் கடலைக்கொடி பிடுங்குகிற சத்தம்,
யாரோ பழந்துணி கிழிப்பதுபோல.
மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்து
இடிகோலால் ஓங்கி ஒரு அடி.
சீமைக்கருவேலங்காடு திறந்து, மூடியது.

அப்புறமும் எழுந்திருக்கவில்லை.
மருந்து கொட்ட, துணி வைக்க, குண்டு இறக்க, கேப் மாட்ட
எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம்
வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்,
அடுத்த அடிக்கு.

டின்னில் கட்டைவிரல் நுழையும் பள்ளம்.
இடிகோலைப் பற்றி
ஏட்டையாவிடம் நான் சொல்லவில்லை.
அவரும் கேட்கவில்லை.