வரிக்கு இரண்டு பியா

மரக்கிடங்கில் தேக்குக்கு எண் போடுவது என் வேலை.
நீளம், சுற்றளவு, உள்ளே ஓட்டை உண்டா இல்லையா.
அளவுத் தாளின் பின்பக்கம் காலி.
அங்கேதான் எழுதினேன்,
மழை எங்களைக் கூரைக்கடியில் கட்டிப்போட்ட
ஆடியிலும் ஆவணியிலும்.

கதை என்று கிளம்பியது நடுவழியில் மூச்சு வாங்கியது.
கவிதை என்று நினைத்தது
பக்கத்து வீட்டுச் சண்டை கேட்க உட்கார்ந்துவிட்டது.
ஙாப்பிக் கருவாட்டு விலை ஒரு பக்கம்.
மா மியாவுக்காக நான் எழுதிக்கொடுத்த கடன் கடிதம்
ஒரு பக்கம், அவள் சம்மதத்தோடு.

மோல்மேனில் தமிழ் எழுத்து வைத்திருந்தது ஒரே அச்சகம்.
முதலாளி குழந்தைசாமி முன்பணம் வாங்கிக்கொண்டு கேட்டார்:
முகப்பில் என்னம்மா போட? கதையா, கவிதையா?
புஸ்தகம் என்று போடுங்கள் என்றேன்.

எழுத்துக் கோப்பவர் கோ சான் வின்.
தமிழ் தெரியாது, தமிழின் உருவம் தெரியும்.
'ஐ' அவருக்கு உட்கார்ந்த யானை.
'ழ' தூண்டிலில் துள்ளும் மீன்.
'ஃ' ரொம்பப் பிடிக்கும். மூன்று பொட்டு, வேலை சுலபம்.
கூலி, வரிக்கு இரண்டு பியா.

முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார்.
சில தாள்களில் வரி ஓரம் முட்ட ஓடுகிறது:
நாற்பது எழுத்து, இரண்டு பியா.
சில தாள்களில் பாதியில் நின்றுவிடுகிறது:
நாலு எழுத்து, அதே இரண்டு பியா.
அவருக்கு ஐந்து பிள்ளைகள்.

புரூஃப் வந்தபோது என் கதை இப்படி இருந்தது:

        சங்கிலி
        அறுத்துக்கொண்ட மரம்
        மர்த்தபான் படகைக் கடந்து
        போனது
        அதன்
        எண் மட்டும் என்
        நோட்டில்

நான் எழுதியிருந்தது இப்படி: சங்கிலி அறுத்துக்கொண்ட மரம் மர்த்தபான் படகைக் கடந்து போனது, அதன் எண் மட்டும் என் நோட்டில், மேஸ்திரி சம்பளத்தில் பிடிப்பேன் என்று கத்தினார், நான் ஆற்றைப் பார்த்தபடி ஆமாம் ஆமாம் என்றேன், எதற்கு ஆமாம் என்று அவரும் கேட்கவில்லை, மரம் அதற்குள் கடல் வாடையில் போய்ச் சேர்ந்திருக்கும்.

சண்டைக்குத்தான் போனேன்.
அச்சகப் படியில் நின்று இன்னொரு தடவை பார்த்தேன்.
'அதன்' தனியாக நின்றுகொண்டிருந்தது.
தினமும் எழுதுகிற சொல்தான்.
அதற்கு முகம் உண்டென்று கவனித்ததில்லை.

அடுத்த பக்கம் இன்னும் மோசம்.
போனவனை நினைத்து எழுதியது.
மனுஷர் தாளைத் திருப்பி
மறுபக்கத்தையும் சேர்த்துக் கோத்திருந்தார்:

        திரும்பி வருவாய் என்று
        விளக்கை இறக்கி வைத்தேன்
        நீளம் பதினாறு அடி
        சுற்றளவு ஏழு
        உள்ளே ஓட்டை உண்டு

ஓர் எழுத்துப் பிழை இல்லை.
சிவப்புப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
மொய்ங்கா குடிக்கப் போய்விட்டேன்.

கணக்கு முடிக்கிற அன்று
வெற்று வரிகளையும் எண்ணி வைத்திருந்தார்.
நூற்றுப் பன்னிரண்டு.
ஒன்றுமில்லாத இடத்துக்கு என்ன கூலி என்றேன், பர்மியில்.
ஓர் ஈயப் பட்டையை என் உள்ளங்கையில் வைத்தார்.
"அங்கே இதைத்தான் வைக்கிறேன்.
எடுத்துவிட்டால் உன் எழுத்தெல்லாம் சரிந்து விழும்."
கனமாகத்தான் இருந்தது.
இரண்டு சாட்டும் இருபத்துநாலு பியாவும்
எண்ணிக் கொடுத்தேன்.

ரங்கூன் வாசகசாலைக்கு இரண்டு பிரதி அனுப்பினேன்.
செயலாளரிடமிருந்து கார்டு வந்தது:
எந்த அலமாரி என்று தெரிவிக்கவும்.
கார்டின் பின்பக்கம் காலி.
அதில் வேறொன்று எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

திங்கட்கிழமை அச்சகம் பக்கம் போனபோது
என் புஸ்தகத்தைக் கலைத்து
அறை அறையாகப் போட்டுவிட்டிருந்தார்கள்.
சான் வின் தலை நிமிரவில்லை.
என் 'ழ' ஒன்று
யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ
'நிகழும் மங்களகரமான' என்று
தலைகீழாக நின்றுகொண்டிருந்தது.