இழுத்தால் வராதது

ராயக்கோட்டைக்கு மேற்கே, செம்மண் மேட்டில்
கேவுரும் காட்டுக் கேவுரும் ஒரே பச்சை.
கதிர் விரிக்கிற வரைக்கும் இலை காட்டிக்கொடுக்காது.
குனிந்து அடித்தண்டைத் தொட்டுப் பார்க்கணும்:
தட்டையாக, வெளுத்து,
யாரோ மிதித்துவிட்டுப் போனதுபோல் இருந்தால்
அது களை.

பதினோரு மணிக்கு மேல் நான் தொட்டுப் பார்ப்பதில்லை.
இடுப்பு விடாது.
சும்மா இழுப்பேன்.
சுலபமாக வந்துவிட்டால், அடடா, பயிர்.
வராமல் கையை அறுத்தால்
சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறேன்.

போன ஆவணியில் இப்படி ஒன்பது பயிர் போனது.
வரப்பில் நின்று எண்ணினார் முனிவெங்கடப்பா.
சாயங்காலம் கூலியில் இருபது ரூபாய் குறைந்தது.
ஒன்பதையும் திரும்ப நட்டுவிட்டுத்தான் வந்தேன்.
அதற்குக் கணக்கில்லை.

அப்புறம் மழை எங்களை மறந்தது.
மேகமெல்லாம் கிருஷ்ணகிரி மாந்தோப்புப் பக்கம் போனதாகக் கேள்வி.
கேவுரு முழங்கால் உயரத்தில் நின்றபடியே சாம்பலானது.
வரப்பில், கல்லிடுக்கில்,
நான் பிடுங்கி எறிந்த இடத்திலேயே வேரூன்றியதுகூட
விரல் விரலாய்க் கதிர் நீட்டியது.

ரேஷன் அரிசி இருந்தது. பசி என்று சொல்ல மாட்டேன்.
நாற்பது ராத்திரி களி இல்லாமல்
வயிறு சோற்றை விருந்தாளி மாதிரி பார்த்தது.
விடியுமுன் முறத்தோடு போனேன்.

அறுத்தால் உதிர்ந்துவிடும்.
முறத்தை அடியில் பிடித்து விரலால் உருவணும்.
எறும்புத்தலை அளவு கறுத்த மணி,
பாதி உமி, கால்வாசி மண்.

கடைசி வரப்பில் இன்னொரு முறம்.
முனிவெங்கடப்பா சம்சாரம் நாராயணம்மா.
"கோழிக்கு," என்றாள்.
"எனக்கும் கோழிக்குத்தான்."
அவர்கள் வீட்டில் கோழி கிடையாது.
எங்கள் வீட்டுக் கடைசிச் சேவலை
மாரியம்மனுக்கு அறுத்து ரெண்டு வருஷம்.
வெயில் ஏறும்வரை முதுகுக்கு முதுகு காட்டி உருவினோம்.

அன்றைக்குக் களி நறநறத்தது.
அடிநாக்கில் ஒரு கசப்பு.
ரெண்டு உருண்டை தின்றேன்.

இந்த வருஷம் மழை உண்டு, களையெடுப்பு உண்டு,
வரப்பில் முனிவெங்கடப்பாவும் உண்டு.
கடைசி வரப்போரம் ஒன்றை இழுத்தேன்.
வரவில்லை.
அவர் அந்தப் பக்கம் திரும்பியபோது
அதன் காலடியில் மண்ணைத் தள்ளி அமுக்கிவிட்டு
அடுத்த சாலுக்கு நகர்ந்தேன்.

டீ கொண்டுவந்த நாராயணம்மா பார்த்துவிட்டாள்.
டம்ளரை நீட்டி,
"கோழி சௌக்கியமா?" என்றாள்.