பத்து நொடிக்கு ஒரு துடிப்பு

சோமனூர். ஆடி மாசம். ராத்திரி ஷிப்ட்.
கீழே இருபத்து நாலு தறி.
மொட்டை மாடியில் என் எட்டு ஆண்டெனா,
அலுமினியச் சட்டத்தில், இரண்டு விரல் இடைவெளியில்,
வடக்கே பார்த்து.
கணவாய்க் காற்று சட்டத்தை ஆட்டுகிறது,
நாலு ஹாலோ பிளாக் முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

"டிஷ்ஷுக்கெல்லாம் வாடகை எதுக்குங்க" என்றார் பிட்டர் பொங்கியண்ணன்.
டிஷ் இல்லைங்க.
டிஷ் என்றால் கழுத்தைத் திருப்ப மோட்டார் வேண்டும்.
இது நின்ற இடத்தில் நின்று
கண்ணை மட்டும் ஓட்டும்.

நொடிக்கு ஐந்நூறு கோடித் துடிப்பு முதலாவதற்கு.
பக்கத்ததற்கு அதைவிட,
பத்து நொடிக்கு ஒரே ஒரு துடிப்பு கூட.
அதற்குப் பக்கத்ததற்கு இன்னொன்று.
அவ்வளவுதான் பிசகு.
அந்தப் பிசகு
கற்றையைப் பிடித்து மேற்கிலிருந்து கிழக்கே இழுத்துப்போகிறது.
கிழக்கில் மறைந்ததும் மறுபடி மேற்கில் முளைக்கிறது.

கருமத்தம்பட்டித் தண்ணீர்த் தொட்டிமேல்
ரிசீவரோடு நவநீதா. போனில் அவள் குரல்:
"வந்திருச்சுங்க்கா.
போயிருச்சு."

போன மாசம் வித்தியாசத்தை முப்பதாயிரமாக வைத்திருந்தேன்.
கற்றை முறுக்குச் சுற்றாய் வளைந்தது,
கிட்டே ஒரு திசை, தூரத்தில் ஒரு திசை.
அதைப் படமாகப் போட்டு
விண்ணப்பத்தின் பதினோராம் பக்கத்தில் எழுதினேன்:
'குறித்த தூரத்தில் கற்றை நிற்கும்.'
நிற்கவில்லை.
படத்தில் நேரத்தை நான்தான் நிறுத்தியிருந்தேன்.
அந்தச் சுற்று முழுசும்
ஒளியின் வேகத்தில் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

நிற்க வேண்டுமா,
எட்டுக்கும் ஒரே துடிப்பைக் கொடு.
நேரே பார்த்தபடி நிற்கும், தேர் முட்டியில் நிற்கிற மாதிரி.
அதற்கு நான் எதற்கு.

கீழே ஏழாம் தறியும் எட்டாம் தறியும்
சேர்ந்து அடிக்கின்றன. ஓசை கனக்கிறது, தரை அதிர்கிறது.
மெல்ல விலகி
ஒன்றன் இடுக்கில் ஒன்று அடிக்கின்றன.
பெல்ட் தொய்வு. பொங்கியண்ணனுக்கு அது தலைவலி,
நாளைக்கு இறுக்கிவிடுவாராம்.

"அக்கா, காத்து தள்ளுது. இறங்கட்டுங்களா?"
இன்னும் ஒரே தடவை, நவநீதா.
கம்பியைப் பிடித்துக்கொள்.

ஏழாம் தறியில் ஊடை அறுந்தது போல, நின்றுவிட்டது.
எட்டாவது மட்டும் தனியாக அடிக்கிறது.
நான் வாய்விட்டு எண்ணுகிறேன்.

"வந்திருச்சு!"

ஒன்பதுதான் ஆகியிருந்தது.