எஞ்சின் ஆறும் வரை

'ஓடும் நிலையில்' என்றிருந்தது விளம்பரத்தில்.
சரிவில் தள்ளிவிட்டால்
என் ஃப்ரிட்ஜும் ஓடும் என்றான் கர்ட்.

ஆல்டாவுக்கு வெளியே, சோளம் அறுத்த வயலோரம்
ஒரு தகரக் கொட்டகை.
உள்ளே எழுபதாம் வருடத்து பிளிமத் டஸ்டர்.
இரண்டு கதவு, முந்நூற்று நாற்பது எஞ்சின்,
கறுப்புப் பெயின்ட்.
கதவைத் திறந்தால் விளிம்பில் எலுமிச்சைப் பச்சை.
யாரோ ஒருத்தர் இந்த நிறத்தைக்
கேட்டு வாங்கியிருக்கிறார்.
யாரோ ஒருத்தர் அதற்கு வெட்கப்பட்டிருக்கிறார்.

தானமாக வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம்.
இது தானமில்லை, ஒன்பதாயிரத்து ஐந்நூறு டாலர்.
தவிர, பல் பார்ப்பதுதான் என் பிழைப்பு.
இருபத்திரண்டு வருடமாக கிராண்ட் ஐலண்டில்
அடுத்தவர் வாயில் காரை சுரண்டுகிறேன்.
இன்று சனிக்கிழமை.
இன்றும் காரைத்தான்.

காந்தத்தைத் துணியில் சுற்றிக்
கதவின் மேல் நடத்தினேன்.
பிடித்தது, பிடித்தது,
பின்சக்கர வளைவில் கைவிட்டுத்
தரையில் விழுந்தது.
பட்டி பார்த்திருக்கிறார்கள், விரல் கனத்துக்கு.
டெல்மர் ஷ்ராம் தொப்பியைக் கழற்றி
உள்ளே எதையோ தேடினார்.

பானெட்டில் கை வைத்தேன்.
வெளியே உறைபனி;
தகரமோ காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி.
என்னிடம் வருகிற அன்று மட்டும்
ஈறில் ரத்தம் வரத் துலக்கிவிட்டு வருகிறவர்களை
எனக்குத் தெரியும்.
ஆறட்டும், இருக்கிறேன் என்றேன்.
அவர் மறுக்கவில்லை.

ஆற இரண்டு மணி நேரம்.
கர்ட் அட்டையை விரித்துக் கீழே புகுந்துகொண்டான்.
அவன் பூட்ஸிலிருந்து எண்கள் வந்தன.
பின்தரை அரித்திருக்கு, எண்ணூறு.
டார்ஷன் பார் பிடிக்கிற இடம், ஆயிரத்து இருநூறு.
பிரேக் குழாயைக் கேட்காதே.
கேட்டேன்.

கூரைக்காரன் கொடுத்த மதிப்பீட்டுத் தாளின்
பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தேன்.
வெளிச்சத்தில் பிடித்தால்
வீட்டின் ஒழுகலும் வண்டியின் துருவும்
ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தன.

ஃபிளாஸ்க் மூடியில் காப்பி நீட்டினார் டெல்மர்.
இடுப்பு எலும்பை மாற்றிவிட்டார்களாம்,
கிளட்சை மிதிக்க முடியவில்லையாம்.
அதற்கு முன்னால்? என்றேன்.
அதற்கு முன்னால் அடுத்த வசந்தத்தில், அடுத்த வசந்தத்தில் என்று
பன்னிரண்டு வசந்தம்.
அதைச் சொன்னபோதுதான்
அவர் முகத்தில் பட்டி இல்லை.

உனக்கு எதற்கு இது? தரையிலிருந்து கர்ட்.
வரும் வழியில் ஒத்திகை பார்த்த பதில் இருந்தது:
முதலீடு.
வாய் வரவில்லை.
நாள் முழுக்கச் சின்னச் சத்தங்கள் கேட்கிறேன், கர்ட்.
கொக்கி எனாமலில் உரசுவது,
எச்சில் உறிஞ்சுகிற குழாய்,
வலிக்கிறதா என்று கேட்கிற என் குரல்.
இதையும் சொல்லவில்லை.

ஆறியது.
சாவியைத் திருப்பினார்.
இருமல். மறுபடி இருமல்.
ஊதாப் புகை கொட்டகையை நிரப்ப
டிக்டிக்கென்று வால்வுகள் புலம்ப
அணையப் போனது
அணையவில்லை.
அலமாரியில் ஆணி டப்பாக்கள் நடுங்கின,
என் விலா நடுங்கியது,
காப்பியில் வட்டம் வட்டமாக.

வண்டியைப் பார்க்கவில்லை டெல்மர்.
என்னைப் பார்த்தார்,
எக்ஸ்-ரேயை நான் விளக்கில் மாட்டும்போது
நாற்காலியில் சாய்ந்திருப்பவர்கள் பார்ப்பதுபோல.

ஏழாயிரத்து இருநூறு என்றேன்.
எட்டு என்றார்.
ஏழு இருநூறு, பிரேக் குழாயைப் பற்றி
யாரிடமும் பேசமாட்டேன்.
அவர் சிரமப்பட்டுக் குனிந்து
விழுந்த காந்தத்தை எடுத்து
என் உள்ளங்கையில் வைத்தார்.
அதை ஆம் என்று எடுத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியெல்லாம் கர்ட் திட்டினான்.
கூரை என்னாவது?
மார்ச் வரை தாங்கும் என்று
கூரைக்காரனே சொன்னான் என்றேன்.
சொன்னான்தான்,
மழை பெய்யாவிட்டால் என்று சேர்த்து.