நாற்பது மில்லி

டீக்கடையில் அதற்கு மணி என்று பேர்.
டியூஷன் பையன்களுக்கு டைசன்.
நான் பேர் வைத்ததில்லை.
வைத்தால் சோறும் வைக்கணும்.

பங்குனி மதியம், செவ்வாய்ப்பேட்டைச் சந்தில்
தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுக்கிற நேரம்
மூன்று காலில் வந்தது.
வலது முன்னங்கால்
கொய்யாக்காய் அளவு வீங்கி
யாருடையதையோ தூக்கிவருகிற மாதிரி தொங்கியது.
தண்ணீர்த் தொட்டியின் ஈர நிழலில் படுத்து
நக்கியது, நிறுத்திப் பார்த்தது, நக்கியது,
பத்தவைத்த கொலுசை நாங்கள்
துடைத்துத் துடைத்துப் பார்ப்பதுபோல.

முள்ளா இருக்கும் என்றாள் தவ்லத்.
கண்ணாடி என்றது டீக்கடை.
பைக்காரன் எவனாவது ஏத்தியிருப்பான் என்று
பைக்கில் இருந்தபடியே ஒருத்தர் சொல்லிவிட்டுப் போனார்.
மேல்வீட்டு ரஞ்சிதம்
பொறைக்குள் ஒரு பாராசிட்டமாலை அழுத்தி நீட்டினாள்.
நல்லவேளை, மோந்துவிட்டு விட்டுவிட்டது.

வெந்நீர், கல்லுப்பு, பழைய பெயின்ட் டப்பா.
காலை உள்ளே விடச் சம்மதிக்கவே
ஐந்து பொறை ஆயிற்று.
விரலிடுக்கில் மஞ்சளாய் ஒரு கண் திறந்திருந்தது.
பொடி பொறுக்குகிற சாமணம் என்னிடம் உண்டு.
கடுகில் பாதியானாலும் எடுத்துவிடுவேன் என்ற
திமிரும் உண்டு.
விட்டேன்.
கடித்தது.

குரைப்பில்லை, உறுமலில்லை.
தையல் மிஷின் ஒரு தையல் போட்டதுபோல
கட்டைவிரலில் இரண்டு ஓட்டை.
பிறகு காதை மடித்து என்னைப் பார்த்தது,
யார் இப்படிச் செய்தது என்று.

குழாயைத் திறந்து சோப்புப் போட்டுக்
கால் மணி நேரம் கழுவினேன்.
அப்புறம் அம்மாசியின் ஆட்டோ, ஒரு கோணிச்சாக்கு,
அதன் வாயைச் சுற்றி மகளின் துப்பட்டா.
கால்நடை ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால்
ஒரு சினையாடு, கண் வீங்கிய சேவல் ஒன்று.
டாக்டர் ஹெலன் மயிரை மழித்தார்,
மரத்துப்போக ஊசி போட்டார், கீறினார்.
வருவதெல்லாம் வந்த பிறகு
கிண்ணத்தில் ஒன்று விழுந்தது.
அரிசி விழுகிற சத்தம்கூட இல்லை.
"கம்பித் துண்டு. எங்க மிதிச்சுதோ."

கழுவி வெளிச்சத்தில் பிடித்தேன்.
கறுத்திருந்தது.
கறுத்தாலும் தெரியும்.
இருபத்திரண்டு கேஜ்.
ஒரு முனை நேர்வெட்டு, ஒரு முனை சாய்வு.
ராத்திரி பத்து மணிக்கு மேல் மணிக்கட்டு கடுக்கும்போது
என் கை வெட்டுகிற சாய்வு.
ஒன்றும் சொல்லவில்லை.
"மனுஷ மாத்திரை குடுத்துடாதீங்க" என்றார்.
சரி என்றேன்.

ஜி.எச்.சில் நர்ஸ் கேட்டாள்:
"நாய் உயிரோட இருக்கா?
பத்து நாள் அதைப் பாத்துக்கிட்டே இருங்க."
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
காலண்டரில் எனக்கு ஊசித் தேதி சிவப்பு மை,
அதற்குக் கட்டு மாற்றுகிற தேதி பச்சை மை.
மகளின் யூனிஃபார்ம் சாக்ஸ் கட்டுக்கு மேலே.
கடித்து உருவிவிடாதபடி
அடி வெட்டிய பிளாஸ்டிக் வாளி கழுத்தில்.
வாளியோடு அது சந்தில் நடந்தால்
இரண்டு பக்கச் சுவரும் தட்டும்.
நானும் கட்டுப்போட்ட கையோடு
பட்டறை வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

மாசக் கணக்கில் சேதாரம்
நாற்பது மில்லி கூட வருகிறதே என்றார் முதலாளி.
நாய்க் காலில் போச்சு என்றேன்.
சிரித்தார். சிரித்துக்கொண்டே பிடித்துக்கொண்டார்.
துண்டு தீப்பெட்டியில்தான் இருக்கிறது.
கொடுத்திருக்கலாம்.
உருக்கினால் இன்னொரு காலுக்குப் போகும்.

வாசலை இப்போது இரண்டு தடவை கூட்டுகிறேன்,
ஒரு தடவை காந்திக் கடக்கிற வெயிலில்,
ஒரு தடவை டார்ச் அடித்து.

கடைசி ஊசி போட்டுத் திரும்பியபோது
மினிபஸ்ஸைத் துரத்திக்கொண்டு
நாலு காலில் ஓடிவந்தது.
என் வாசலுக்கு வந்ததும்
வலது காலை மடக்கித் தூக்கிக்கொண்டது.
நடிப்பா, ஞாபகமா,
தெரியவில்லை.
பொறை எடுக்க உள்ளே போனேன்.