நிறுத்து

பெட்டியின் எடை பார்க்கும் கொக்கித் தராசில்
துப்பாக்கியைத் தொங்கவிட்டேன்.
மூன்று கிலோ நூறு.
திருச்சிக்குக் கிளம்பும்போதெல்லாம்
இருபத்துமூன்றைத் தாண்டாதே என்று அதட்டும் தராசு,
இதைப் பார்த்து வாய் திறக்கவில்லை.

ஸ்மிதர்ஸ் மருந்துக்கடையில்
பகல் முழுக்க மில்லிகிராமில் வாழ்கிறவள் நான்.
தைராய்டு மாத்திரையில்
பன்னிரண்டு மைக்ரோகிராம் கூடினாலே
யாரோ ஒருவருக்கு ராத்தூக்கம் போய்விடும்.
ஏழு பவுண்டா ஒன்பதரையா என்று
துப்பாக்கிக் கடைக்காரர் கேட்டபோது
சிரிப்பு வந்தது.
என்ன பெரிய வித்தியாசம்,
குடுமியோடு இரண்டு தேங்காய்.

லேசானதையே எடுத்தேன்.
கார்பன் குழல், நாரிழைக் கட்டை.
தோளில் கிடப்பதே தெரியவில்லை,
சுடும்வரை.
மிச்சம் பிடித்த எடையை எல்லாம்
ஒரே உதையில் வட்டியோடு வாங்கிக்கொண்டது.
தோள்பட்டையில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வட்டம்.
என் அலமாரியிலேயே களிம்பு இருந்தது,
எனக்கே பில் போட்டுக்கொண்டேன்.

அக்டோபரில் டெல்குவா மலை.
ஆஸ்பென் இலைகள் மஞ்சளாகி
பாதி உதிர்ந்துவிட்டிருந்தன.
பின்னால் இங்க்ரிட் வாண்டர்மீர்,
மாட்டு வைத்தியர், மூச்சே வாங்காதவள்.
பதினோராவது கிலோமீட்டரில்
எரிந்துபோன காட்டின் ஓரம்
நின்றது மூஸ்.
நனைந்த கறுப்பு. அசையவில்லை.
அசைந்தது நான்தான்.
ஏறி வந்த மூச்சு குழலுக்குள் இறங்கி
குறிக்கண்ணாடியின் சிலுவைக் கோடு
அதன் விலாவில் என் நாடியை எழுதியது.
முதுகு, வயிறு, முதுகு, வெறும் புல்.
பஞ்சுபோல் இருப்பதைப்
பஞ்சுபோல்தான் காற்றும் நடத்தும்.
சுடவில்லை.
இங்க்ரிட் பாலாடைக்கட்டியைப் பிட்டு
பாதியைக் கொடுத்தாள். பேசவில்லை.

மறு வருஷம் குலுக்கலில் சீட்டு விழவில்லை.
அதற்கடுத்த வருஷம் விழுந்தது.
வெல்டிங் பட்டறையை மூடிவிட்ட ஒருவரிடம்
வால்நட் கட்டை போட்ட பழையதை வாங்கினேன்.
நாலு கிலோ நானூறு.
அன்று ராத்திரி என் பல்துலக்கியின் பிடியை
ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தபோது
கணவர் பரிதி கதவில் சாய்ந்து கேட்டார்:
"ஆனையை ஏற்றிக்கொண்டு
எறும்பை இறக்கிவிடுகிறாயா?"
ஆமாம் என்றேன்.
இட்லிப்பொடியிலும் பாதியை எடுத்து வைத்தேன்.

மூன்றாம் கிலோமீட்டரில் வருந்தினேன்.
ஆறில் வெல்டரைத் திட்டினேன்.
எட்டில் வார் தோளைப் பலகைபோல் அறுக்க,
விற்றுவிடுவது என்று முடிவே செய்துவிட்டேன்.

பிறகு அது வந்தது,
ஓடையின் அக்கரையில்.
படுத்தேன். கட்டையைக் கன்னத்தில் வைத்தேன்.
இதயம் பழையபடி அடித்தது,
குழல் அதைக் கேட்கவில்லை.
தன் கனத்தில் தானே உட்கார்ந்திருந்தது
பாறையில் வைத்த பாறைபோல்.

நம் மொழியில்
எடை பார்த்து என்பதும்
நில் என்று கட்டளையிடுவதும்
ஒரே சொல்: நிறுத்து.
மருந்துக்கடையில் ஒன்பது வருஷம்
முதல் பொருள் மட்டுமே தெரிந்திருந்தது.

ஒரு குண்டு.

அதற்குப் பிறகு கிலோ என்பது வேறு.
எலும்பு நீக்கியும் ஒரு தொடை முப்பத்தாறு.
ஒரு நாற்றமும் ஒரு சூடும் முதுகில் ஒட்டிக்கொண்டு
இரண்டு நாள், நடைமேல் நடை.
கரடிக்குக் கேட்கட்டும் என்று
இங்க்ரிட் ஏதோ டச்சுப் பாட்டை உரக்கப் பாடினாள்,
நான் வாய்ப்பாடு சொன்னேன்.
இரண்டு தேங்காயைப் பற்றி யோசித்து யோசித்து
இரண்டு வருஷம் போக்கியவள்
நாலு காலை எப்படிக் கொண்டுவருவது என்று
ஒரு நாளும் யோசித்திருக்கவில்லை.

கடைசித் தொடையை எலும்போடு சுமந்தோம்,
ஒரு கம்பில், இரண்டு தோளில்.
கராஜில் அதைக் கொக்கியில் மாட்டினேன்.
தராசு கொஞ்ச நேரம் எண்களைத் தேடியது.
அப்புறம் வெறும் கோடுகள்.

திங்கட்கிழமை காலை
மாத்திரைகளை ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணினேன்.
விரல் நடுங்கியது.
முப்பதுக்கு இருபத்தொன்பது வந்தது.
திரும்பக் கொட்டி
முதலிலிருந்து எண்ணினேன்.