திருப்பும் முன்

டிரிப் ஷீட்டின் பின்பக்கம் எழுதுகிறேன்.
ஓய்வு பெற்ற அன்று டிப்போவிலிருந்து
ஒரு கட்டு எடுத்து வந்தேன், கேட்காமல்.
அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீ யாரென்று தெரியாது.
இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கலாம்,
இதே கன்னங்குறிச்சியில், கணக்கில் பார்டரில்.
நானும் நன்றாகத்தான் இருக்கிறேன்:
விடிந்தால் மூக்கனேரிக் கரையில் நடை,
சர்க்கரை மட்டும் கொஞ்சம்.

போன மாதம் அம்மாப்பேட்டை போனேன், அங்கமுத்துவைப் பார்க்க.
பதினோரு வருடம் என் வண்டியில் கண்டக்டர்.
விசிலைக் கடித்தபடியே சில்லறை எண்ணுவான்.
வாய் கோணிப் படுத்திருந்தான்.
பார்த்துக்கொள்ள வந்தவன் நல்ல பையன்தான்.
செல்லைத் தோளில் இடுக்கிக்கொண்டு
சட்டென்று ஒரு பக்கமாகப் புரட்டினான்.
அங்கமுத்துவின் கை
காற்றில் கம்பியைத் தேடியது.

ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு.
இருபதிலும் ஹாரன் அடிக்காமல் நான் திரும்பியதில்லை,
எதிரே ஈ காக்கை இல்லையென்று தெரிந்த
மார்கழி விடிகாலையிலும்.
அதனால், என்னைத் திருப்பும் முன் ஒரு சொல்.
'இடப்பக்கம்' என்றால் போதும்.
தாத்தா என்று கூப்பிடாதே. என் பெயர் மாதப்பன்.
'டிரைவர்' என்றாலும் திரும்பிப் பார்ப்பேன்,
கழுத்து இடம் கொடுத்தால்.

கட்டிலை வடக்கு ஜன்னலோரம் போடு.
மலை தெரியாத நாளில் மேகம் என்று சொல்.
'அதோ தெரியுது பாருங்க' என்று ஏமாற்றாதே.
மீசையை எடுத்துவிட்டால் துடைக்கச் சுலபம் என்பார்கள்.
அவர்கள் மீசையை எடுக்கச் சொல்.
தட்டுவடை செட் மெல்ல முடியாமல் போகும், தெரியும்;
அந்தக் காரச் சட்னியை மட்டும்
எப்போதாவது நாக்கில் தடவு.

மூக்குக் குழாய், மெஷின் விஷயமெல்லாம்
டாக்டரிடம் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
இறக்கத்தில் நியூட்ரலில் விடக் கூடாது, சரி.
அடிவாரம் வந்து நின்றபிறகும்
ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தால்
டீசல்தான் நஷ்டம்.

கோகிலவாணியிடம் சொல்லப் பார்த்தேன்.
'வாயை வைக்காதீங்கப்பா' என்று மிக்ஸியைப் போட்டாள்.
தேங்காய் அரைந்து முடியும்வரை நின்றேன்.
மறுபடி போட்டாள்.
காலி ஜார்.
அவளைக் குளிப்பாட்டச் சொல்லாதே.
பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடக் கதை பேசினால் போதும்.
அவள் தூங்கிப்போனால் ஃபேனைக் குறைத்துவிடு.

இன்னொன்று. எழுதுவதா என்று
இரண்டு நாள் யோசித்தேன்.
நானும் சொல்லாமல் திருப்பியிருக்கிறேன்.
மரகதத்தை.
ஐந்தேகாலுக்கு முதல் டிரிப், நாலரைக்குக் கிளம்ப வேண்டும்,
ஈரத் துணியை உருவி ஒரே தள்ளு.
பேச்சு போய் எட்டு மாதம் ஆகியிருந்தது அவளுக்கு.
கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டாள்.
அன்று மேலே போகும் வழியெல்லாம்
காப்பி பூத்திருந்தது,
பஸ் முழுக்க வாசம்.
எனக்கு மட்டும் ஹாரன் சத்தம் காதில் விழவே இல்லை.

உனக்கும் அவசரம் இருக்கும்.
உன் வீட்டிலும் அடுப்பில் பால் இருக்கும்.
தள்ளிவிட்டால் தள்ளிவிட்டதுதான்.
அடுத்த முறை சொல்.

இவ்வளவும் எழுதியபின் ஒரு சந்தேகம்.
அன்றைக்கு நான் வேறு ஆளாக இருந்தால்?
மீசை வேண்டாம் என்றால்,
தாத்தா என்று கூப்பிட்டதும் சிரித்தால்,
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு
மலையைப் பார்க்க மறுத்தால்?

அவன் சொல்வதையே கேள்.
நாற்பது வயதில் எழுதினாலும் அறுபத்திரண்டில் எழுதினாலும்
எழுதுகிறவன் ஸ்டியரிங்கில் இருக்கிறான்.
ஓட்டுகிறவனுக்கு எந்த வளைவிலும்
குமட்டியதில்லை.
பின்சீட்டில் உட்கார்ந்து வருகிறவனுக்குத்தான் வாந்தி.

ஒரு எலுமிச்சம்பழம் மட்டும்
கைவசம் வைத்திரு.